வெப்பமண்டலச் சில்வண்டுகள்: பன்மையும் பரவலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1. பொருளும் எல்லையும்

நிலநடுக்கோட்டின் இருபுறமும் அமைந்த வெப்பமண்டலக் காடுகளில் பகலையும் அந்தியையும் நிறைக்கும் ஒலிகளுள் பெரும்பங்கு சில்வண்டுகளுக்கு உரியது. தமிழ்நாட்டில் சில்வண்டு என்ற பெயர் சுவர்க்கோழி முதலிய இரவுப்பூச்சிகளையும் சேர்த்தே வழங்கிவருகிறது எனினும், இச்சொற்பொழிவில் அது சிக்காடிடே என்னும் பூச்சிக் குடும்பத்தை மட்டுமே குறிக்கும். இவை வண்டினத்தைச் சேர்ந்தவை அல்ல; வெட்டுக்கிளியோடும் சுவர்க்கோழியோடும் இவற்றுக்கு நெருங்கிய உறவும் இல்லை. அசுவினி, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவற்றைப் போல ஊசி வடிவ வாயுறுப்பைத் தாவரத்தில் செலுத்திச் சாற்றை உறிஞ்சி வாழும் ஹெமிப்டெரா வரிசையில் அடங்குபவை இவை. கண்ணாடி போன்ற நான்கு இறக்கைகள், அகன்ற தலையின் இரு ஓரங்களிலும் புடைத்து நிற்கும் கூட்டுக்கண்கள், அவற்றுக்கு இடையே முக்கோணமாக அமைந்த மூன்று சிறு கண்கள், ஆண்பூச்சியின் வயிற்றடியில் இருக்கும் ஒலியுறுப்பு ஆகியவற்றைக் கொண்டு இவற்றை எளிதில் இனங்காணலாம்.

உலகெங்கும் இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட சில்வண்டு இனங்கள் அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்பவை. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் உயிரினங்கள் பலவாக இருப்பது இயல்பே என்று இதற்கு விடை கூறிவிடலாம். ஆனால் அந்த விடை பாதி உண்மையையே தருகிறது. வெப்பமும் மழையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரு அண்டைத் தீவுகளில் ஏன் வெவ்வேறு இனங்கள் வாழ்கின்றன என்பதையும், ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில் ஏன் வெவ்வேறு குரல்கள் கேட்கின்றன என்பதையும் தட்பவெப்பம் மட்டும் விளக்காது. சில்வண்டு தன் வாழ்நாளின் மிகப் பெரும் பகுதியை ஒரே மரத்தின் வேரடி மண்ணில் கழிக்கும் உயிர். தொலைவு கடந்து குடிபெயர்வதில் அது மிகவும் பின்தங்கியது. இந்த இடம்பெயராத் தன்மையே வெப்பமண்டலச் சில்வண்டுகளின் பன்மைக்கும் பரவலுக்கும் அடிப்படைக் காரணம் என்பதும், அவற்றின் இன்றைய பரவல் நிலத்தின் பழைய வரலாற்றைக் காட்டும் சான்று என்பதும் இச்சொற்பொழிவின் மையக் கருத்துகளாகும்.

2. மண்ணுக்குள் கழியும் காலம்

பெண் சில்வண்டு தன் வயிற்று நுனியில் உள்ள கூரிய முட்டையிடு கருவியால் இளங்கிளைகளின் பட்டையைக் கீறி, அந்தக் கீறலுக்குள் முட்டைகளை வரிசையாக வைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி, எறும்பினும் சிறியதாக, கிளையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து மண்ணுக்குள் நுழைகிறது. இறக்கை வளராத இப்பருவத்து இளம்பூச்சியின் முன்கால்கள் மண்ணைத் தோண்டுவதற்கு ஏற்பத் தடித்து, பல் வைத்த கொக்கியாக அமைந்திருக்கும். ஐந்து வளர்நிலைகளைக் கடந்து முதிரும்வரை அது வேர்களை ஒட்டிய சிறு அறைகளில் தங்கி, வேரின் சைலத்திலிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. சைலம் என்பது வேர் ஈர்த்த நீரையும் கனிமங்களையும் மேலே கொண்டுசெல்லும் குழாய்த் திசு; அதில் ஓடும் சாறு ஏறத்தாழ வெறும் நீரே. சர்க்கரையும் புரதக்கூறுகளும் மிகக் குறைவாக உள்ள இந்த உணவை நம்பி வாழ்வதனால்தான் இளம்பூச்சி மெதுவாக வளர்கிறது; மண்ணுக்குள் அது கழிக்கும் காலம் மாதங்களாக இல்லாமல் ஆண்டுகளாக நீள்கிறது.

இத்தகைய சத்தற்ற உணவில் ஒரு பூச்சி உயிர்வாழ முடிவதற்கு அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் துணைபுரிகின்றன. சல்சியா, ஹாட்ஜ்கினியா என்னும் இருவகைப் பாக்டீரியாக்கள் சில்வண்டின் வயிற்றுக்குள் அதற்கெனவே அமைந்த சிறப்பு உயிரணுக்களில் வாழ்கின்றன. விலங்குகள் தாமே உருவாக்கிக்கொள்ள இயலாத பத்து இன்றியமையா அமினோ அமிலங்களுள் எட்டைச் சல்சியாவும் இரண்டை ஹாட்ஜ்கினியாவும் உருவாக்கித் தருகின்றன என்பது மரபணு ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. இந்தப் பாக்டீரியாக்கள் தாயிடமிருந்து முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், பூச்சியின் குலவழியும் பாக்டீரியாவின் குலவழியும் நெடுங்காலமாக இணைந்தே கிளைத்து வந்துள்ளன. தென் அமெரிக்காவின் டெட்டிகேட்ஸ் பேரினத்தில் ஹாட்ஜ்கினியா இரண்டாகப் பிரிந்து, ஒன்று இழந்த மரபணுவை மற்றொன்று வைத்திருக்க, ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ முடியாத நிலையை எய்தியிருப்பது 2014-இல் வெளியான ஆய்வொன்றில் நிறுவப்பட்டது.

முதிர்ந்த இளம்பூச்சி, பெரும்பாலும் மழைக்குப் பிந்தைய மாலைப்பொழுதில், மண்ணைத் துளைத்து வெளியேறி அருகிலுள்ள மரத்தில் சிறிது உயரம் ஏறிப் பட்டையைப் பற்றிக்கொள்கிறது. முதுகு நெடுகப் பிளந்து உள்ளிருந்து வெளிறிய உடல் மெல்ல வெளிப்படுகிறது. சுருண்டிருந்த இறக்கைகள் உடற்சாறு பாய்வதால் விரிந்து, சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டு நிறம் பெறுகின்றன. அதன்பின் அது வாழ்வது சில வாரங்களே. அந்தச் சில வாரங்களுக்குள் பாடுதல், துணை தேடுதல், முட்டையிடல் ஆகிய அனைத்தும் நடந்தேற வேண்டும். மரத்தில் எஞ்சி நிற்கும் உலர்ந்த கூடு ஆய்வாளருக்குப் பெருமதிப்பு வாய்ந்தது. பறக்கும் பூச்சி வேறிடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். கூடோ அந்த மரத்தடியிலேயே அந்தப் பூச்சி வளர்ந்ததற்கு உறுதியான சான்றாகும். அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆலன் யங் கோஸ்டா ரிக்காவில் 1970-களிலும் 1980-களிலும் இம்முறையில் கூடுகளைத் திரட்டி, பல இனங்களின் இளம்பூச்சிகள் அவரைக் குடும்ப மரங்களின் அடியில் மிகுதியாக வளர்வதையும், சில இனங்கள் வறட்பருவத்திலும் வேறு சில மழைப்பருவத்திலும் வெளிப்படுவதையும் எடுத்துக்காட்டினார்.

அமேசான் காட்டில் வாழும் குயால்னா குளோரோஜீனா என்னும் இனத்தின் இளம்பூச்சி, வெளிவரும் காலம் நெருங்கியதும் ஈரக் களிமண்ணை உருட்டி ஏற்றி, ஓரடி உயரம்வரையிலான மண்குழாய் ஒன்றைத் தரைக்கு மேல் எழுப்புகிறது. உச்சி மூடியிருக்கும் இக்குழாயின் உட்சுவர் வழவழப்பாகப் பூசப்பட்டிருக்கும். சேதமடைந்தால் உள்ளிருக்கும் பூச்சி இரவோடு இரவாக அதைச் செப்பனிடும். கனமழையால் அடிக்கடி நீர் தேங்கும் தரையில் வாழும் பூச்சிக்கு மண்ணோடு எத்துணை நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்பதற்கு இந்தக் கட்டுமானம் சிறந்த எடுத்துக்காட்டு.

3. ஒலியே அடையாளம்

சில்வண்டின் ஒலி, இறக்கைகளை உரசுவதால் எழும் சுவர்க்கோழியின் ஒலியிலிருந்து முற்றிலும் வேறான முறையில் பிறக்கிறது. ஆண்பூச்சியின் வயிற்றுப்பகுதி தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒலிச்சவ்வுகள் உள்ளன. ஒவ்வொன்றும் விறைப்பான மெல்லிய தகடு. அதன்மேல் விலா எலும்புகளை ஒத்த வரிகள் ஓடுகின்றன. உட்புறம் இணைந்திருக்கும் வலிய தசை சுருங்கும்போது தகடு உள்வாங்கி, வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி ஒலியெழுப்புகின்றன. தசை தளரும்போது தகடு மீண்டும் வெளியே தெறிக்கிறது. தகர டப்பாவின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி விடும்போது எழும் ஒலி இதே வகையானது. சில்வண்டு அதனை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்கிறது. ஆணின் வயிறு பெரும்பாலும் காற்றுப்பையாகவே இருப்பதால் அது ஒலியைப் பெருக்கிப் பரப்பும் அறையாகப் பயன்படுகிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் சிஸ்டோசோமா சாண்டர்சியை என்னும் இலைப்பச்சை நிறச் சில்வண்டில் இந்த வயிறு பலூனாக ஊதிப் பெருத்திருப்பதால், அந்தச் சிற்றுடலிலிருந்து ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி எழுகிறது. ஆப்பிரிக்காவின் பிரெவிசானா பிரெவிஸ் என்னும் இனம் அரை மீட்டர் தொலைவில் 106.7 டெசிபல் அளவு ஒலியெழுப்புவதாக அளந்தறியப்பட்டுள்ளது. பீகிள் கப்பல் பிரேசில் கரையிலிருந்து கால் மைல் தொலைவில் நங்கூரமிட்டிருந்தபோதும் சில்வண்டொலி கப்பலில் கேட்டதைச் சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டுள்ளார்.

இவ்வொலியுறுப்பின் இயக்கத்தை விளக்கிய ஆய்வுகளுள் முதன்மையான ஒன்று இலங்கையில் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஜே. டபிள்யூ. எஸ். பிரிங்கிள் 1950-களில் இலங்கைச் சில்வண்டுகளின் பாடல்களையும் வாழ்முறையையும் ஆராய்ந்து, பிளாட்டிப்ளூரா பேரினத்தில் ஒலித்தசை சுருங்கும் வேகம் நரம்புவழி வரும் தூண்டல்களின் வேகத்தைவிட மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நரம்பு தனித்தனியே ஆணையிடுவதில்லை. நரம்பு தசையை விழிப்பு நிலையில் வைத்திருக்க, தசையும் தகடும் சேர்ந்து தம் சொந்தத் தாளத்தில் இயங்குகின்றன. பூச்சிகளின் பறத்தல் தசைகளைப் பற்றிய அறிவியலுக்கும் இக்கண்டுபிடிப்பு துணைநின்றது. பிரிங்கிள் தம் இலங்கை ஆய்வை 1955-இல் வெளியிட்டபோது அதில் இரண்டு புதிய இனங்களையும் விவரித்தார்.

பாடுவது ஆண், கேட்டுத் தேர்வது பெண். தன் இனத்துக்குரிய அதிர்வெண்ணும் தாளமும் இடைவெளியும் பொருந்திய பாடலை நோக்கியே பெண் செல்கிறது. ஆதலால் ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரிக்கும் வேலியாகப் பாடல் அமைகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு பூச்சிகள் வேறு வேறு பாடல்களைப் பாடினால், அவை இரு தனி இனங்களாக இருக்க வாய்ப்புண்டு என்று வகைப்பாட்டியலார் ஆராயத் தொடங்குவர். இவ்வாறு உருவத்தில் மறைந்து ஒலியில் வெளிப்படும் இனங்களை மறைநிலை இனங்கள் என்பர். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் டாஸ்மேனியாவிலும் எஞ்சியுள்ள டெட்டிகார்க்டா பேரினத்தின் இரண்டு இனங்கள் காற்றில் ஒலியெழுப்பாமல், தாம் அமர்ந்திருக்கும் மரத்தின் வழியே அதிர்வுகளை அனுப்பியே உறவாடுகின்றன. சிக்காடிடே குடும்பத்தின் மிக நெருங்கிய உறவினரான இவை, உரத்த பாடல் தோன்றுவதற்கு முந்தைய நிலையை உணர்த்துகின்றன.

4. ஒரே காட்டில் பல இனங்கள்

ஒரே காட்டில் பல இனங்கள் இத்துணை உரத்துப் பாடும்போது, ஒரு பெண்பூச்சிக்குத் தன் இனத்தின் குரல் எவ்வாறு தனித்துக் கேட்கிறது என்ற வினா எழுகிறது. ஸ்லோவேனிய அறிஞர் மட்டியா கோகலாவும் ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் ரீடும் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் காட்டிலும் சபா மாநிலத்திலும் பதிவுசெய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. அங்குள்ள இனங்கள் நாள் முழுதும் கலந்து பாடுவதில்லை. விடியல், முற்பகல், நண்பகல், அந்தி எனப் பொழுதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தியில் பாடும் இனங்கள் வெளிச்சம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நிறுத்திவிடுகின்றன. நாளின் நீளம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ மாறாத நிலநடுக்கோட்டுப் பகுதியில் இந்த ஒழுங்கு மிகத் துல்லியமாக இருப்பதால், மலாய்த் தீபகற்பத்தில் அந்திச் சில்வண்டு ஒன்றுக்கு ஆறு மணிச் சில்வண்டு என்றே பெயர் வழங்குகிறது.

பொழுதோடு அதிர்வெண்ணும் பங்கிடப்படுகிறது. பிரெஞ்சு ஒலியியலார் ஜெரோம் சுயர் மெக்சிகோவில் ஒரே இடத்தில் வாழும் இனங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், அவை பாடும் நேரம், பாடும் உயரம், ஒலியின் அதிர்வெண் ஆகியவற்றில் ஒன்றோடொன்று வேறுபட்டிருப்பதைக் காட்டினார். உயர்ந்த மரங்களின் உச்சி, நடுத்தட்டு, தரையை ஒட்டிய புதர் என மூன்று தட்டுகளிலும் வெவ்வேறு இனங்கள் அமர்வதற்கு இடம் இருக்கும் பசுமைமாறாக் காட்டில் இத்தகைய பங்கீட்டுக்கு வாய்ப்பு மிகுதி.

குளிர்ந்த அந்தியிலும் நிழல் அடர்ந்த காட்டிலும் பாட வேண்டுமாயின் தசை வெப்பமாக இருக்க வேண்டும். பெரும்பாலான சில்வண்டுகள் வெயிலில் அமர்ந்து உடலைச் சூடாக்கிக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்காவில் வாழும் பிளாட்டிப்ளூரா இனங்கள் சிலவோ பறத்தல் தசைகளை இயக்கித் தம் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டு, சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடலோடு அந்தியில் பாடுகின்றன என்பதை மார்ட்டின் வில்லெட், ஆலன் சான்போர்ன் ஆகியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. பறவைகள் உறங்கச் சென்றபின் பாடுவதால் இரையாகும் இடர் குறைகிறது. மற்ற இனங்களின் ஒலியும் குறுக்கிடுவதில்லை.

5. ஆப்பிரிக்காவும் வெப்பமண்டல அமெரிக்காவும்

ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே பிளாட்டிப்ளூராவும் அதன் உறவினப் பேரினங்களும் சவானாப் புல்வெளி முதல் மழைக்காடு வரை பரவியுள்ளன. இதே குலத்தைச் சேர்ந்த இனங்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் கிழக்காசியாவிலும் வாழ்வதால், ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் இணைக்கும் குலமாக இது கருதப்படுகிறது. தடித்த உடலும், பழுப்பும் கருமையும் கலந்த முன்னிறக்கையும் கொண்ட இவை மரப்பட்டையில் ஒட்டி அமர்ந்தால் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது.

வெப்பமண்டல அமெரிக்காவில் சாம்மாரா என்னும் பேரினம், மார்பின் இருபுறமும் அகன்று நீளும் மடல்களாலும் மரகதப் பச்சை உடலாலும் தனித்துத் தெரிகிறது. அங்குள்ள குவெசாடா கிகாஸ் என்னும் பெருஞ்சில்வண்டு, ஓரிடத்துக்கே உரியவை என்ற பொது இயல்புக்கு விலக்காக, அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சஸ் வரை பரந்து காணப்படுகிறது. பிரேசிலின் காப்பித் தோட்டங்களில் இதன் இளம்பூச்சிகள் வேர்களை மொய்த்துச் செடிகளை நலியச் செய்வதால், அது அங்குப் பெரும் பயிர்ப்பகையாக உள்ளது. பல மரவகைகளின் வேரை ஏற்கும் ஓர் இனம், காடு திருத்தப்பட்டு ஒற்றைப்பயிர்த் தோட்டமாக்கப்பட்ட நிலத்தில் பெருகுகிறது. குறிப்பிட்ட மரத்தையும் மண்ணையும் சார்ந்த இனங்களுக்கோ அதே நிலம் வாழத் தகுதியற்றதாகிவிடுகிறது. ஆதலால் ஓரிடத்தில் சில்வண்டொலி உரத்துக் கேட்பதை மட்டும் கொண்டு அங்கு இனப்பன்மை மிகுந்துள்ளது என்று முடிவுசெய்தல் தவறாகும்.

6. தீவுகள் கூறும் நிலவரலாறு

சில்வண்டுப் பரவலின் மிக வளமான சான்றுகள் தென்கிழக்காசியாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை சிதறிக் கிடக்கும் தீவுகளில் உள்ளன. இப்பகுதியின் மேற்கில் மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆழமற்ற கடல்தட்டின்மேல் அமைந்துள்ளன. கடந்த பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தபோது இவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. எனவே இங்குப் பல பேரினங்கள் தீவுகளுக்குப் பொதுவாக உள்ளன. உலகின் மிகப் பெரிய சில்வண்டாகிய மெகாபொம்போனியா இம்பரடோரியா இப்பகுதியின் மழைக்காட்டில்தான் வாழ்கிறது. அதன் உடல் நீளம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர், விரித்த இறக்கைகளின் அகலம் இருபது சென்டிமீட்டர் அளவினது.

போர்னியோவுக்குக் கிழக்கே ஆழ்கடலைக் கடந்து சுலாவெசித் தீவை அடைந்ததும் காட்சி மாறுகிறது. ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைகளையும் பாலூட்டிகளையும் கொண்டு வகுத்த எல்லைக்கோடு இக்கடல் வழியே செல்கிறது. பனியூழிக் காலத்திலும் நிலத்தொடர்பு பெறாத சுலாவெசி, ஆசியப் பகுதியிலிருந்து பிரிந்த துண்டும், ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து நகர்ந்து வந்த துண்டுகளும், எரிமலை வளைவும் மோதி இணைந்து உருவான தீவு. அதன் சில்வண்டுகளில் மிகப்பெரும்பாலானவை ஓரிடவாழ்விகள், அதாவது உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை. டிலோபோபைகா என்னும் பேரினம் சுலாவெசியையும் அதன் அண்டைத் தீவுகளையும் தாண்டவில்லை. அதன் உறவினப் பேரினமாகிய காஸ்மொப்சால்ட்ரியா நியூ கினியை மையமாகக் கொண்டுள்ளது. அசெரோபைகா ஃபிஜி முதலிய தீவுகளிலும், மோவானா சமோவாவிலும் வாழ்கின்றன. ஒரே குலத்தின் கிளைகள் இவ்வாறு தீவுக்கூட்டத்துக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கின்றன.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. பி. டஃபல்ஸும் ஏ. ஜே. டி போயரும் பல்லாண்டுகள் உழைத்து இக்குலங்களின் உறவுமுறையைத் தெளிவுபடுத்தினர். ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளின் நுண்ணமைப்பு, ஒலியுறுப்பை மூடும் தகட்டின் வடிவம், இறக்கை நரம்புகளின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு எந்த இனம் எதனோடு நெருங்கியது என்பதை வகுத்து, அந்தக் கிளைமுறையைத் தீவுகளின் நிலவியல் வரலாற்றோடு அவர்கள் பொருத்திப் பார்த்தனர். 1996-இல் வெளியான அவர்களின் கட்டுரை, நெருங்கிய உறவினங்கள் இன்று அருகருகே உள்ள தீவுகளில் இருப்பதைவிட, முற்காலத்தில் ஒரே எரிமலை வளைவின் பகுதிகளாக இருந்த தீவுகளில் இருப்பதையே வலியுறுத்தியது. நியூ கினியின் தெற்குப் பகுதி ஆஸ்திரேலியக் கண்டத் தட்டுக்கு உரியது. அதன் வடக்கு விளிம்போ கடலில் மிதந்து வந்து ஒட்டிய தீவு வளைவுகளால் ஆனது. அங்குள்ள சில்வண்டுக் குலங்களின் பரவல் இந்தப் பிரிவினையை இன்றும் காட்டுகிறது.

நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்பவை. சில்வண்டுக் குலங்களோ மிக நெடுங்காலமாக அந்த நிலத்தோடு சேர்ந்தே நகர்ந்துள்ளன. வலிமையாகப் பறக்கும் பறவையோ, காற்றில் மிதக்கும் விதையோ கடலைத் தாண்டித் தன் பழைய முகவரியை அழித்துவிடும். வேரடி மண்ணோடு பிணைந்த சில்வண்டு அவ்வளவு எளிதில் அழிப்பதில்லை. ஆனால் கடல் ஒருபோதும் கடக்கப்படவில்லை என்று கூறவும் இயலாது. நியூசிலாந்தின் சில்வண்டுகள் பழைய கண்டப்பிரிவினையின்போது அங்கேயே தங்கியவை அல்ல. அண்மைக் காலத்தில், நிலவியல் கணக்கில் சில கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டு, ஆஸ்திரேலியா, நியூ கலிடோனியா ஆகியவற்றின் பக்கமிருந்து கடல் தாண்டி வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் என்பதை மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அரிதாக நிகழும் ஒரு குடியேற்றமும், அதன்பின் நீண்ட காலம் நீடிக்கும் தனிமையும் சேர்ந்தே புதிய இனங்களை உருவாக்குகின்றன.

7. இந்தியாவும் இலங்கையும்

தெற்காசியச் சில்வண்டுகளின் முறையான ஆய்வு டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1889 முதல் 1892 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஆசியச் சில்வண்டு நூலால் உறுதிப்பட்டது. 1906-இல் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் அவர் எழுதிய தொகுதி அதனை மேலும் விரித்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் இத்துறை பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 2016-இல் வெளியான பட்டியல் ஒன்று இந்தியா, வங்காளதேசம், பூட்டான், மியான்மர், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சுமார் 280 இனங்களைத் தொகுத்துத் தந்தது. பேரினங்களின் எண்ணிக்கையில் இப்பகுதி உலகின் முன்னணியில் நிற்கிறது. இப்பன்மைக்கு முதன்மைக் காரணம் வடகிழக்கு இந்தியா. இமயத்தின் கிழக்குச் சரிவும், மியான்மர் மலைகளும், கங்கைச் சமவெளியின் விளிம்பும் சந்திக்கும் அங்கு, வண்ணத்துப்பூச்சியைப் போல நிறமிட்ட இறக்கைகளைக் கொண்ட டோசினா, கேயானா முதலிய பேரினங்கள் காணப்படுகின்றன. மேகாலயத்திலிருந்து பெக்வார்ட்டினா பைகலர் என்னும் புதிய இனமும் விவரிக்கப்பட்டுள்ளது.

தென்னிந்தியாவின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையின் ஈரவலயமும் மற்ற மழைக்காடுகளிலிருந்து உலர்நிலங்களால் பிரிக்கப்பட்டு நிலத்தீவுகளாக உள்ளன. இங்கு இனங்களின் மொத்த எண்ணிக்கை வடகிழக்கைவிடக் குறைவு; ஆனால் இருப்பவற்றுள் பல இங்கேயே உரியவை. பனியூழிக் காலத்தில் பாக் நீரிணை வறண்டு இந்தியாவும் இலங்கையும் இணைந்திருந்தபோதும், இடைப்பட்ட நிலம் உலர்ந்த முட்புதர்க்காடாக இருந்தமையால் ஈரக்காட்டுப் பூச்சிகளுக்கு அது பாலமாகவில்லை என்பது இரு பகுதிகளின் உயிரினங்களையும் ஒப்பிடுவோர் முன்வைக்கும் விளக்கம். உலர்நிலத்தையும் தாங்கும் பிளாட்டிப்ளூரா கேபிடேட்டா போன்றவை இரு கரைகளிலும் காணப்படுகின்றன.

தென்னிந்தியாவின் பசுமைமாறாக் காடுகளில் பரவலாகக் கேட்கும் ஒரு சில்வண்டு நெடுங்காலமாகப் புரானா டிக்ரினா என்றே பதிவாகி வந்தது. அது மலேசியப் பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெயரிடப்பட்ட இனம். அண்மையில் மூலமாதிரிகளோடு நுணுக்கமாக ஒப்பிட்டபோது தென்னிந்தியப் பூச்சி தனி இனம் என்பது தெளிவாகி, மலையாள மக்கள் வழங்கும் பெயரைத் தழுவிப் புரானா சீவீடா எனப் பெயர் பெற்றது. வரைபடத்தில் மலேசியாவிலிருந்து கேரளம்வரை கடல் தாண்டிப் பரவியதாகக் காட்டப்பட்ட ஓர் இனம் இவ்வாறு ஓரிடத்துக்கே உரிய இனமாக மாறியது. தவறான பெயர் ஒன்று நூற்றாண்டுக்கும் மேலாகப் பரவல் வரைபடத்தைத் திரித்து வைத்திருக்க முடியும் என்பதற்கும், பரந்து வாழ்வதாகக் கருதப்படும் பிற இனங்களும் மறு ஆய்வுக்கு உரியவை என்பதற்கும் இது தக்க சான்று.

8. ஆண்டுகளை எண்ணும் இனங்கள்

பெரும்பாலான வெப்பமண்டல இனங்கள் ஆண்டுதோறும் வெளிப்படுகின்றன; தனிப்பூச்சி பல ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தாலும் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால் எல்லா ஆண்டும் பாடல் கேட்கிறது. ஒரே தலைமுறை முழுதும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றும் வெளிப்படாத முறைக்குக் காலச்சுழற்சி என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படும் மகிசிகாடா பேரினத்தின் ஏழு இனங்கள் இதற்குப் புகழ்பெற்றவை. அவை குளிர்நாட்டுக்கு உரியவை. எனவே காலச்சுழற்சி குளிர்நாட்டுக்கே உரியது என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது.

மேகாலயத்தின் ரி-போய் மாவட்டத்தில், சைடன் ஊரை அடுத்த மூங்கிற்காடுகளில் வாழும் கிரெமிஸ்டிகா ரிபோய் இவ்வெண்ணத்தை மாற்றியது. நியாங்டாசெர் என்று அவ்வூர் மக்கள் அழைக்கும் இது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கோடைமழைக் காலத்தில், பெருந்திரளாக வெளிப்படுகிறது. 2010, 2014, 2018, 2022 ஆகிய அதன் ஆண்டுகள் உலகக் கோப்பைக் கால்பந்து ஆண்டுகளோடு ஒத்துப்போகின்றன. இந்தச் சுழற்சியை ஊர்மக்கள் தலைமுறைகளாக அறிந்து, இரவில் விளக்கொளியில் பூச்சிகளைப் பிடித்து உணவாக்கி வந்துள்ளனர். அறிவியல் பெயர் கிடைத்தது 2013-இல்தான். ஃபிஜியின் விட்டி லெவுத் தீவு மலைப்பகுதியில் நனாய் எனப்படும் ராயட்டியானா நோல்சி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுகிறது. 2001, 2009, 2017 ஆகியவை அதன் ஆண்டுகள். 2013-இல் புழக்கத்துக்கு வந்த ஃபிஜியின் 100 டாலர் தாளில் நனாய் இடம்பெற்றது அந்நாட்டு மக்களிடம் அதற்குள்ள மதிப்பைக் காட்டுகிறது.

ஒரே நேரத்தில் எண்ணிலடங்காமல் வெளிப்படும்போது பறவைகளும் பிற உயிர்களும் வயிறு நிறைய உண்டபின்னும் ஏராளமானவை எஞ்சி முட்டையிடுகின்றன. இம்முறையின் பயன் இதுவே. இதன் ஆபத்தும் இதிலேயே உள்ளது. எண்ணிக்கை குறைந்துவிட்டால் கூட்டத்தின் பாதுகாப்பு தகர்ந்துவிடும். பூச்சி கண்ணில்படாத மூன்று ஆண்டுகளில் மூங்கிற்காடு அழிக்கப்பட்டால், ஒரு தலைமுறை முழுதும் பாடாமலே மண்ணுக்குள் மடியும்.

9. கணக்கெடுப்பும் காப்பும்

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று பணிகள் உடனடியாக வேண்டப்படுகின்றன. முதலாவது, பூச்சியின் உடலையும் அதன் பாடலையும் ஒருசேரச் சேமித்தல். அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்திய பூச்சி தன் குரலை இழந்தது. பதிவுக்கருவியில் உள்ள குரலோ பெரும்பாலும் உடலற்றது. இரண்டையும் இணைத்து, பிடித்த இடம், உயரம், நாள், பொழுது, வெப்பம், அமர்ந்திருந்த மரம் ஆகிய விவரங்களோடு பாதுகாக்கும் ஒலிக்காப்பகங்கள் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மிகத் தேவையானவை. ஒவ்வோர் இனத்தின் குரலும் உறுதியாக அறியப்பட்டபின், காட்டில் ஆளின்றி வைக்கப்படும் பதிவுக்கருவியே ஆண்டு முழுதும் கணக்கெடுக்கும் வாய்ப்பு ஏற்படும். கல்லூரி விலங்கியல் துறைகளும் இயற்கை ஆர்வலர்களும் இப்பணியைப் பெரும் பொருட்செலவின்றித் தொடங்க இயலும்.

இரண்டாவது, கூடுகளைச் சேகரித்துக் கணக்கிடல். எந்த மரத்தடியில் எந்த இனம் வளர்கிறது என்பதை உறுதிசெய்ய இதனினும் எளிய, உயிருக்குத் தீங்கற்ற முறை வேறில்லை. மழைக்கு முன்னும் பின்னும் குறித்த மரங்களைப் பார்வையிட்டு மாணவர்களே செய்யக்கூடிய இவ்வாய்வு, இளம்பூச்சிகளுக்கும் மரங்களுக்கும் உள்ள உறவை வெளிக்கொணரும்.

மூன்றாவது, மண்ணைக் காத்தல். காடு காக்கப்படுகிறது என்றால் மரங்கள் நிற்கின்றன என்றே பொருள்கொள்ளப்படுகிறது. சோலைக்காட்டை வெட்டி யூக்கலிப்டஸ் வைத்த இடத்திலும் மரங்கள் நிற்கின்றன. கோயில்காட்டின் தரையில் சிமெண்டுத் தளம் போட்டபின்னும் மேலே பழைய மரங்கள் நிற்கின்றன. ஆனால் வேர் மாறிய இடத்திலும் மண் மூடிய இடத்திலும், பல ஆண்டுகள் உள்ளிருந்து வளர வேண்டிய தலைமுறைகள் அறுபடுகின்றன. முதிர்ந்த பூச்சிகள் ஓரிரு ஆண்டு தொடர்ந்து வெளிவருவதால் இழப்பு உடனே புலப்படாது. புலப்படும்போது மீட்பதற்கு மண்ணுக்குள் ஒன்றும் எஞ்சியிராது. வேறிடத்திலிருந்து பறந்துவந்து நிரப்பும் ஆற்றலும் இவற்றுக்குக் குறைவு என்பதை முன்னரே கண்டோம்.

வெப்பமண்டலச் சில்வண்டுகளின் பன்மை, நெடுங்காலம் குலையாது நீடித்த நிலமும் அந்நிலத்தைவிட்டு அகலாத உயிரும் சேர்ந்து உருவாக்கியது. சுலாவெசியின் சில்வண்டு கண்டத்தட்டின் நகர்வைக் காட்டுவதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில்வண்டு அம்மலைக்காட்டின் தனிமையைக் காட்டுவதும் இக்காரணத்தாலேயே. ஆகவே இவற்றின் பரவலை அறிய விரும்புவோர் மரவுச்சியில் எழும் ஒலியோடு மரத்தடி மண்ணையும் சேர்த்தே ஆராய வேண்டும். இவற்றைக் காக்க விரும்புவோர் தொடங்க வேண்டிய இடமும் அந்த மரத்தடி மண்ணே.